மைக்கில் ஒரு வணக்கம்

ஆன்லைன் விளையாட்டில் சேர்ந்து சண்டை போடும் ஒரு கில்டுக்கு, அதாவது குழுவுக்கு, கீரிதான் தலைவர். எதிரிகளை வெட்டிச் சாய்க்க ஆள் கொட்டிக் கிடந்தது. விழுந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கத்தான் யாரும் நிலைக்கவில்லை; வந்தவர்களெல்லாம் தலைவரின் வாய்க்குப் பயந்து ஓடிவிட்டார்கள்.

அன்றைக்குத் ‘தாழம்பூ’ என்ற பெயரில் ஒருவர் சேர வந்தார். சோதனை ஆட்டத்தில் கீரி செத்துச் செத்து விழ, அவர் முகம் சுளிக்காமல் எழுப்பிவிட்டுக்கொண்டே இருந்தார். கீரிக்கு மனசு குளிர்ந்துபோனது.

“உங்களை எடுத்தாச்சு. மைக்கைப் போட்டு ஒரு வணக்கம் மட்டும் சொல்லிடுங்க,” என்று டைப் பண்ணியது.

“பேசியே ஆகணுமா தலைவரே?”

“கில்டு விதி.”

கொஞ்சம் பொறுத்து ஹெட்போனில், “புஸ்ஸ்ஸ்” என்று கேட்டது.

கீரியின் வால்முடி அத்தனையும் குத்திட்டு நின்றது. அடக்குவதற்குள் ஓர் உறுமல் வெளியே வந்து மைக்கில் போய்விட்டது.

கீரி இரண்டு முறை ஏதோ டைப் பண்ணி அழித்தது.

கடைசியில் கீரி டைப் பண்ணியது: “உங்க மைக்ல காத்து அடிக்குது. இனிமே டைப் பண்ணினாலே போதும்.”

“உங்க மைக்கும் கொரகொரங்குது தலைவரே. அணைச்சிடுங்க,” என்று பதில் வந்தது. “சண்டைக்குப் போலாமா?”