வெறும் வயிறு

"நேத்து ராத்திரிக்கு அப்புறம் அவர் வாயில பச்சைத் தண்ணி கூடப் படலைம்மா. கண்கொத்திப் பாம்பா பார்த்துக்கிட்டேன்" என்று அடித்துச் சொன்னாள் அவள்.

பல் ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டது கணவரிடம். அவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாயில்லாப் பூச்சியாக உட்கார்ந்திருந்தார்.

"நல்லதும்மா. வயித்துல ஏதாவது இருந்து, மயக்கத்துல வாந்தி வந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஆளுக்கும் ஆபத்து, எங்க டாக்டரோட பர்மிட்டுக்கும் ஆபத்து. ஆக்சிஜன்லேருந்து நாடி பார்க்கிற மெஷின் வரைக்கும் தட்டித் தட்டிப் பார்த்துட்டுத்தான் அதிகாரிங்க அதைக் குடுத்திருக்காங்க" என்று நர்ஸ் சுவரைக் காட்டினாள்.

மயக்க மருந்து கொடுப்பதற்கான பர்மிட் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பக்கத்தில் கொட்டை எழுத்தில் விதிகள்: வெறும் வயிறு கட்டாயம். கூட ஒருவர் வர வேண்டும். மயக்கம் தெளியும்வரை நோயாளியை ஒரு நொடிகூடத் தனியே விடக் கூடாது.

கணவர் சமர்த்தாக எழுந்து உள்ளே போனார். கதவு சாத்தியதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், மீன்தொட்டியை எட்டிப் பார்த்தாள், கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

"ரொம்ப வலியாம்மா?" என்று எதிர் நாற்காலிப் பெரியவர் பரிதாபமாகக் கேட்டார்.

"எனக்கில்லைங்க, வீட்டுக்காரருக்கு."

"பார்த்தா அப்படித் தெரியலையே" என்றார் பெரியவர்.

வலி அவளுக்கும்தான். மூன்று மாதமாக வியாழக்கிழமை தோறும் கணவர் நேரம் கழித்து வருகிறார். கேட்டால், "ஆபீஸ்ல வேலை." ஆபீஸுக்குப் போன் போட்டால், "சார் அப்பவே கிளம்பிட்டாரே!" வீட்டுக்கு வந்ததும் அவருடைய செல்போன் குப்புறப் படுத்துக்கொள்கிறது.

யோசனை அக்காவுடையது. "வெறும் மரப்பு ஊசி வேணாம்டி. மயக்க மருந்தே குடுக்கச் சொல்லு. அந்தக் கிறக்கத்துல மனசுல இருக்கிறதெல்லாம் வாய்ல கொட்டிடும்" என்று முந்தாநாள் போனில் சொல்லியிருந்தாள். அக்கா போனில் பேசினால் அடுத்த அறைக்கும் சேர்த்துத்தான் பேசுவாள்.

பதில் கோணலாக வந்தால் நேரே அக்கா வீடு என்று அவள் முடிவு செய்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் பெட்டி தயார். பதினெட்டு வருஷக் குடித்தனம் ஒரு கடைவாய்ப் பல்லில் வந்து நின்றது.

இன்று காலையிலும் பாருங்கள், "வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்" என்று போனவர் சாவகாசமாகத்தான் திரும்பினார். யாரோடு பேசிவிட்டு வந்தாரோ! நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

கதவு திறந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். "பல் வந்துடுச்சும்மா. பஞ்சு வச்சிருக்கேன், கொஞ்ச நேரம் சாய்ஞ்சிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். நர்ஸும் அவர் பின்னாலேயே போனாள்.

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. கேட்காமலே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் கால் பின்வாங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

கணவர் மட்டும் நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். வாயில் பஞ்சு, உதடு ஒரு பக்கம் கோணியிருந்தது. அவர் காதருகே குனிந்தாள்.

"என்னங்க... வியாழக்கிழமையில எங்க போறீங்க?"

ஒரு முனகல். பிறகு பஞ்சுக்குள்ளிருந்து வார்த்தைகள் குழறிக் குழறி வந்தன. "பார்க்ல... தனியா உக்காந்து... உன்னையே நெனச்சிக்கிட்டு..."

"நிஜமா சொல்லுங்க, உங்க மனசுல யார் இருக்கா?"

"நீதான்டி... ஏழு ஜென்மத்துக்கும்... நீதான்..."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருந்தாலும் எதற்கும் ஒரு தடவை உரசிப் பார்த்துவிடலாம் என்று கேட்டாள்.

"சரி, என் தம்பி எப்படி?"

"நல்ல பையன்... ரொம்ப நல்ல பையன்..."

தம்பி பேச்சை எடுத்தாலே வேப்பெண்ணெய் குடித்த முகமாகிவிடும் மனுஷர்! உள்ளே இவ்வளவு பாசத்தையா பூட்டி வைத்திருந்தார்? அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. இந்த உத்தமரையா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அவர் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

வெளியே வந்த கையோடு அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, நான் அங்க வரலை. போனதும் பெட்டியைப் பிரிச்சு அடுக்கப் போறேன். என் புருஷன் பத்தரை மாத்துத் தங்கம்க்கா!"

நர்ஸ் மாத்திரைகளோடு வந்தாள். "ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணு. பஞ்சை எடுத்ததும் சார் கிளம்பலாம்மா."

"வண்டியை இன்னிக்கு நான்தான் ஓட்டணும். இந்த மயக்கத்தோட அவரால முடியுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள் அவள்.

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மயக்கம் ஏதும்மா? பெட்ரோல் போடப் போன இடத்துல வயிறு முட்டச் சாப்பிட்டுட்டேன், மரப்பு ஊசியே போதும்னு உள்ள வந்ததுமே சொல்லிட்டாரே!"