முன்வாசல் பிள்ளைகள்

"ஒரு சென்ட்! ஒத்தை சென்ட் கூட ஏத்த விடமாட்டேன்!"

பள்ளிக்கூட வரிக் கூட்டத்தில் ஆர்வில் ஹென்ஷல் போட்ட சத்தத்தில் மைக்கே 'கீஈஈச்' என்று அழுதது.

"எனக்குக் கல்யாணமே ஆகலை. பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. ஊரான் பிள்ளை படிக்க, என் வீட்டுக்கு ஏன்யா வரி?"

பள்ளிக்கூடக் குழுத் தலைவி மிஸஸ் பிராட்வெல் குரலில் தேனைத் தடவிக்கொண்டார். "மிஸ்டர் ஹென்ஷ்ஷ்ஷல்... மாநில அரசு தர்றது மூக்குப்பொடி அளவு. மீதி நம்ம வீட்டு வரியிலதானே ஓடுது? குழந்தைங்க மேல கொஞ்சம் இரக்கம்..."

"இரக்கமா? அது கிலோ என்ன விலை?"

"கஞ்சன்!" என்றது பின்வரிசை. கடைசி நாற்காலியில் இருந்த வெண்டலும் மனசுக்குள் அதையே சொன்னார்.

வெண்டல் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். இப்போது பள்ளிக்கூடத்துக்கு உளவு வேலை. ஓடைக்கு அந்தப் பக்கம் வீடுகள் மலிவு. அதனால் வரி கம்மி. அதனால் அங்கே பள்ளிக்கூடக் கூரை ஒழுகும். இந்தப் பக்கம் நீச்சல் குளமே உண்டு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பொய் விலாசம் கொடுத்து இங்கே வந்து சேர்ந்துவிடும். கண்டுபிடிப்பது வெண்டல் வேலை. பிடிபட்டால் பிள்ளைக்குப் பெயர் வெட்டு, அப்பா அம்மாவுக்கு அபராதம்.

கூட்டம் முடிந்ததும் மிஸஸ் பிராட்வெல் அவரை ஓரங்கட்டினார்.

"வெண்டல், அந்தக் கஞ்சன் வீட்டு வாசல்ல நம்ம பஸ்ல ஏகப்பட்ட பசங்க ஏறுதாம். யாரோ அவர் விலாசத்தைத் திருடியிருக்காங்க. தெரிஞ்சா மனுஷன் கொன்னே போடுவார். பாவம்!"

பாவம் என்று சொன்ன வாய், காது வரைக்கும் சிரித்தது.

மறுநாள் காலை, எதிர்ப்புறம் காரை நிறுத்தி டோனட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார் வெண்டல்.

ஓடைப் பக்கமிருந்து ஒரு ஓட்டை வேன் வந்து ஹென்ஷல் வீட்டுக் கொல்லைப்புறம் நின்றது. திபுதிபுவென்று பிள்ளைகள் இறங்கிப் பின்வாசல் வழியாக உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் பஸ் வந்தது. முன்வாசல் திறந்தது. அதே பிள்ளைகள், அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மாதிரி கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். வெள்ளை, கறுப்பு, மாநிறம். குட்டை, நெட்டை.

டோனட் மடியில் விழுந்தது. வெண்டல் ஓடிப்போய், கதவருகே பிள்ளைகளை வழியனுப்பிக்கொண்டிருந்த கிழவர் ஹென்ஷல் முன்னால் நின்றார்.

"யாரு சார் இவங்கல்லாம்?"

"என் பேரப்பசங்க," என்றார் கிழவர், கண் சிமிட்டாமல்.

"கல்யாணமே ஆகலைன்னு நேத்துக் கத்தினீங்களே?"

"ஆகலைதான். நேரா பேரன் பேத்தியில ஆரம்பிச்சுட்டேன்."

உள்ளேயிருந்து ஒரு சிறுமி, வாயில் பான்கேக்குடன் ஓடிவந்தாள். "மிஸ்டர் ஹென்ஷல், என் ஷூ எங்கே?"

"ஏ யெசீனியா! வெளி ஆள் இருந்தா தாத்தான்னு கூப்பிடுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

சொன்ன பிறகுதான் கிழவருக்கு உறைத்தது. சிறுமி வெண்டலின் சட்டையில் தொங்கிய பள்ளிக்கூட அட்டையைப் பார்த்தாள். மெல்லுவது நின்றது.

"என்னை நிறுத்திடுவாங்களா தாத்தா?"

இப்போது 'தாத்தா' சரியாக வந்தது.

"நீ பஸ் ஏறு," என்றார் கிழவர். அவள் போனதும் வெண்டலிடம் பாய்ந்தார். "வருஷாவருஷம் வரி கட்டறேன். என் வீட்டிலேர்ந்து ஒரு பிள்ளையாவது அங்கே படிச்சுதா? கட்டின காசுக்கு ஆள் அனுப்பறேன். அதிலென்னய்யா தப்பு?"

வெண்டலுக்குச் சிரிப்பு முட்டியது. கஞ்சத்தனத்தில் இப்படி ஒரு ரகமா!

பாக்கெட்டில் போன் அலறியது. மிஸஸ் பிராட்வெல்.

"என்னாச்சு வெண்டல்? பிடிச்சீங்களா?"

பஸ் ஜன்னலில் யெசீனியாவின் மூக்கு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், என் கண்ணால பார்த்தேன். அத்தனை பசங்களும் இந்த வீட்டு முன்வாசல் வழியாத்தான் வெளியே வந்தாங்க. எல்லாம் சரியா இருக்கு."

போனை அணைத்தார். மஞ்சள் பஸ் நகர்ந்தது.

"ஆனா ஒண்ணு கேட்கணும் சார். இந்தப் பசங்க படிக்கிற பள்ளிக்கூடம்தானே? அதுக்கு வரி ஏத்தினா, ஏன் அந்தக் குதி குதிக்கிறீங்க?"

பஸ் திருப்பத்தில் மறையும்வரை கிழவர் கையாட்டிக்கொண்டே இருந்தார்.

"என் பென்ஷனுக்கு அந்த வரி தாங்காது தம்பி, வீட்டை வித்தாகணும். நான் எங்கேயாவது முடங்கிக்குவேன்... இதுங்க எந்த வாசல்ல நின்னு பஸ் ஏறும்?"