சாமி அறைச் சுவர்

ஆகஸ்ட் 11, 1999. இன்று ஒரு சின்னத் தவறு. ஜலஜா ஆன்ட்டி வீட்டில் எல்லாம் அளந்தேன். சாமி அறைச் சுவரின் அளவை மட்டும் குறிக்காமல் வந்துவிட்டேன்.

எழுதிவிட்டு ரோஷினி பேனாவைக் கடித்தாள். எந்த மொழியானாலும் தினம் நாலு வரி எழுதுங்கள் என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார்.

'தவறு' என்பது சரியான சொல்தானா என்று சந்தேகமாக இருந்தது. எதையும் இரண்டு தடவை அளப்பவள் அவள்.

பட்டனைத் தட்டினால் நீண்டு, மறுபடி தட்டினால் சுருண்டுகொள்ளும் துணிக்கூரைக்கு அளவெடுப்பது அவள் வேலை. ஆலன் ஊர் வெயிலில் அந்த ஆனிங் கம்பெனிக்கு ஓய்வே கிடையாது.

இன்றைய முகவரியை அவள் இரண்டு தடவை படித்தாள். அமெரிக்கா வந்த புதிதில் ஜலஜா ஆன்ட்டியிடம் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அவள் இருந்த வீடு.

மாதா மாதம் அந்த மூன்று நாள் ஆன்ட்டி அவளைப் பின்பக்கக் கண்ணாடி அறைக்கு அனுப்பிவிடுவார். தனித் தட்டு, தனிப் பாய். மேற்கு வெயில் கண்ணாடி வழியே இறங்கி ஆளைச் சுடும். ஒருநாள் அங்கேயே மயங்கி விழுந்தாள். ஆன்ட்டி தொடவில்லை. தோட்டத்து ஹோஸைத் திருப்பி, தள்ளி நின்றே தண்ணீர் அடித்தார்.

அந்தத் தண்ணீர் இன்னும் அவள் முகத்தில் காயவில்லை.

கம்ப்யூட்டருக்குப் போவாய் என்று பார்த்தால் பந்தல் போட வந்துவிட்டாயே என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார் ஆன்ட்டி. கண்ணாடி அறைக்கும் வெளியே ஊஞ்சலுக்கும் சேர்த்து நிழல் வேண்டுமாம்.

"அந்த glass room-ல மத்தியானம் மனுஷங்க உக்கார முடியலம்மா. அப்படியே வேகுது."

ரோஷினி டேப்பை நீட்டினாள்.

மோட்டார் சுவிட்சை வீட்டுக்குள் வைக்க வேண்டும். எந்தச் சுவர் என்று ஆன்ட்டி அவளைத்தான் கேட்டார். ஹாலிலும் வைக்கலாம். அவள் சாமி அறையைக் காட்டினாள்.

ஆன்ட்டி வாசலை மறித்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்கு நீ... உள்ள வரலாம்தானே?"

வரலாம் என்று ரோஷினி தலையசைத்தாள்.

குத்துவிளக்கு இடைஞ்சலாக இருந்தது. நீயே நகர்த்திக்கொள் என்றார் ஆன்ட்டி. அவள் இரண்டு கையாலும் தூக்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு ஒதுக்கி, சுவரில் டேப்பை வைத்தாள். எண் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்தாள். எழுதவில்லை.

கிளம்பும்போது ஆன்ட்டி அவள் நெற்றியில் தன் விரலாலேயே குங்குமம் வைத்துவிட்டு, கையைப் பிடித்து நைவேத்தியச் சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்து, அதே விரலை நக்கிக்கொண்டார்.

ரோஷினி வாயிலிருந்து பேனாவை எடுத்தாள். 'தவறு' என்பதை அடிக்காமல் விட்டாள். கீழே எழுதினாள்:

நாளைக் காலை ஜலஜா ஆன்ட்டி வீட்டுக்குப் போய்ச் சாமி அறைச் சுவரை மறுபடி அளக்க வேண்டும். போகும் வழியில் நாப்கின் வாங்க வேண்டும். இன்று இரண்டாம் நாள்தான்.