ஓடாத டிவிடி

"றிஸ்மி மகன், இந்த ரைட்டர் பழுதாப் போச்சு போல. ஒருக்காச் சோதிச்சுப் பாருங்க."

ஸுஹைறா டீச்சர், வீட்டுக் கம்பியூட்டரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த டிவிடி ரைட்டரைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

கல்முனையில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் றிஸ்மி, பக்கத்து ஃபோன் கடை முஸ்தாக்கைப் பார்த்தான். பிளேன்டீ குடிக்க வந்திருந்த முஸ்தாக், சிரிப்பை மறைக்கக் கோப்பைக்குள் முகத்தை இறக்கினான்.

"இந்தக் காலத்தில ஆரு டீச்சர் டிவிடி எழுதுற?"

"நான்தான்."

அது ஊரறிந்த சங்கதி. மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்ற டீச்சர், 'சீனியைக் குறைப்போம்' என்று தான் பேசிய பேச்சை டிவிடியில் எழுதி வீடு வீடாகக் கொடுத்தார். ஒருவரும் பார்க்கவில்லை. கேட்டபோது மட்டும் எல்லோரும் "மிச்சம் நல்லம் டீச்சர்" என்றார்கள். அந்தப் புகழ்ச்சிக்குக் கிடைத்த கூலியாக 'உப்பைக் குறைப்போம்' வந்து சேர்ந்தது.

அதனால் போன மாதம் டீச்சர் மூன்றாவது டிவிடியோடு வாசலில் நின்றபோது ஊர் உஷாராகிவிட்டது. இந்தத் தடவை எண்ணெயாகத்தான் இருக்கும். நல்லமென்று சொன்னால் அடுத்தது மாவுக்கும் வந்துவிடும்.

"அது ஓடல்ல டீச்சர்" என்று, பிறகு அவர் கேட்டபோது சொல்லித் தப்பிக்கொண்டார்கள்.

"ஓடல்லண்டு ஆரு சொன்ன டீச்சர்?" றிஸ்மி ஒன்றும் தெரியாத முகத்தோடு கேட்டான்.

"எல்லாரும்தான். நீங்களும் சொன்னீங்களே."

"ஓம் ஓம். போட்டுப் பாத்தன், ஓடல்லதான்."

உறையைக்கூட அவன் பிரித்திருக்கவில்லை.

ரைட்டரைக் கடைக் கம்பியூட்டரில் பொருத்தினான். மெதுவாக எழுத வைத்தான். சுத்தமாக எழுதியது. முழு வேகத்தில் விட்டான். இரைச்சல்கூட இல்லாமல் எழுதி முடித்தது. எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்த்தான். ஒரு பிழை? ம்ஹும். கடைக்குப் புதிதாக இறக்கிய ரைட்டர்களில்கூட இப்படி ஒன்று வாய்க்காது.

இப்போதுதான் சிக்கல். ரைட்டர் நல்லமென்றால் ஊரே பொய்யர். முதல் பொய்யர் கடை முதலாளி. ரைட்டருக்கு வாயில்லை. பழியை அதன் தலையில் போடுவதுதான் எல்லோருக்கும் வசதி.

"லென்ஸ் மங்கிப் போயிருக்கு டீச்சர். வேகம் கூடினாப் பிழையா எழுதுது."

"எனக்குத் தந்தது சுத்தவே இல்லயே டீச்சர்," முஸ்தாக்கும் சாட்சி சொன்னான்.

"அப்பிடியா?" டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார். "றிஸ்மி மகன், ஒங்களுக்குத் தந்த டிவிடில இருந்த அதே வீடியோதான் இது. எழுதி, இஞ்சயே போடுங்க. எந்த இடத்தில நிக்குதெண்டு பாப்பம்."

தப்ப வழியில்லை. எழுதினான். எண்ணெயைப் பற்றிய நீண்ட பேச்சுக்குத் தயாராக, கொட்டாவியை அடக்கிக்கொண்டு ஓட விட்டான்.

எண்ணெய் வரவில்லை.

ஒரு பள்ளிக்கூட மேடை வந்தது. கலர்த்தாள் தோரணம். வெள்ளைப் பர்தா போட்ட ஒரு பிள்ளை, தன்னைவிட உயரமான மைக்குக்கு எட்டி எட்டி ஸலாம் சொல்கிறாள். அடுத்த வரி மறந்துபோய், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறாள்.

மவுஸில் இருந்த றிஸ்மியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆருடா இது?" என்றான் முஸ்தாக்.

"ராத்தா." றிஸ்மி திரையை நோக்கிக் குனிந்தான். "எங்கட மர்ஷூதா ராத்தா."

சுனாமியில் போன அக்கா. வீட்டையும் போட்டோ அல்பங்களையும் கடல் சேர்த்தே கொண்டுபோயிருந்தது. மகளின் ஒரேயொரு படத்துக்காக உம்மா சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார்.

"பழைய கலைவிழா, விளையாட்டுப் போட்டி வீடியோக் கெசட்டெல்லாம் கடல் எட்டாத சவளக்கடையில எங்கட தம்பிட வீட்டுல கிடந்திருக்கு," டீச்சர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "கடலோட போனவங்க வாற இடத்த மட்டும் வெட்டி, அவங்கவங்கட வீட்டுக்குக் குடுத்தன்."

"சொல்லியிருக்கலாமே டீச்சர்..."

"வாசல்ல நிண்டுகொண்டு, இதுல ஒங்கட மௌத்தானவ இரிக்காண்டு எப்பிடி மகன் சொல்ற? அதுதான், உம்மாவையும் வெச்சுக்கொண்டு ஆறுதலாப் பாருங்கண்டன்."

முஸ்தாக் கோப்பையைக் கீழே வைத்தான். "டீச்சர், எனக்குத் தந்ததுல?"

"ஒங்கட உம்மா. தாய்மாருக்கு வெச்ச தேசிக்காய் ஓட்டத்தில கரண்டியோட விழுந்தெழும்பிச் சிரிச்சவ."

"நான் அத... நெல்லுக் குருவி கலைக்க வயல் வட்டையில கட்டி..."

முஸ்தாக் முடிக்கவில்லை. வெளியே அவனது மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது.

றிஸ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டான். டீச்சரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசையைப் பார்த்துத்தான் சொன்னான்.

"ரைட்டர்ல ஒரு பழுதும் இல்ல டீச்சர்."

"அது எனக்குத் தெரியும் மகன். கெதியாக் கழட்டித் தாங்க. பஸார்ல கம்பியூட்டர் கடை வெச்சிருக்கிற முஹ்ஸினும் ஓடல்லண்டுதான் சொன்னவர். அவர்ட்டயும் சோதிக்கக் குடுக்கோணும்."