ஒரு சொட்டுப் பால்

இரும்பு உருக்கும் பட்டறையில் சேர்ந்த அன்றே மாரப்பன் உடம்பில் சூடு உணர்கிற நரம்புகளை எல்லாம் மூடிவிட்டார்கள். அதன் பிறகு உலைக்கு முன்னால் அவனைப் போல நிற்க ஆளில்லை.

ஒரு வருடம் கழித்து ஒருநாள் குழந்தைக்குப் பாலை ஆற்றி, எல்லோரும் செய்வதுபோல மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். சுடவில்லை. புட்டியை வாயில் வைத்ததும் குழந்தை வீறிட்டது.

மனைவி ரங்கநாயகி ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கினாள். உதடு கன்றிச் சிவந்திருந்தது.

“கையில உட்டுப் பாத்தீங்களா, இல்லீங்களா?”

“பாத்தனே. சுடவே இல்ல புள்ள.”

“உங்களுக்கு எதுதானுங்க சுடும்?”

மாரப்பன் பட்டறை மேஸ்திரிக்குப் போன் போட்டான். “வீட்டுல இருக்கற நேரமாச்சும் நரம்பத் தொறந்து உடுங்கண்ணா.”

“மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கறயப்பா. இன்னும் ரெண்டு வருசம் கெடக்குது. சுடாம இருக்கறதெல்லாம் ஒரு கஷ்டமா?”

மறுநாள் ரங்கநாயகி வேலைக்குப் போயிருந்தபோது குழந்தை பசித்து அழுதது. மாரப்பன் பாலை வெகுநேரம் ஆற்றினான். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டான். தோல் சிவக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.