பாலைக்கட்டை வேலியில் ஒரு பொட்டு

பின்னேர வெயில் பாலைமரக் கட்டைகளின் மேல் கிடக்கிறது. வெட்டுவாயின் சிவப்பு இன்னும் மங்கவில்லை. நஸீஹா ஒரு கட்டையில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிறாள். போர் முடிந்து முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்த பிறகு மூன்று வேலி போட்டாயிற்று. மூன்றையும் கறையான் தின்றது. பாலையைக் கறையான் தொடாது என்று இந்த முறை அவளே பார்த்து எடுத்தாள். வேலிக்காரர் தவராசா கயிறு பிடித்து, கட்டை நடவேண்டிய இடங்களில் முளை அடித்துக்கொண்டு வருகிறார். பக்கத்து வளவின் எல்லைக்கு அவர் வந்ததும் அவள் எழும்புகிறாள்.

"இதிலை ஒரு பொட்டு விடுங்கோ அண்ணை, ஆள் நுழைய."

"ஆர் வாறது?" அவர் அந்தப் பக்கம் புதராய் மண்டிக் கிடக்கும் பற்றையைப் பார்க்கிறார். அதற்குள் ஒரு வீட்டின் அத்திவாரம் மட்டும் தெரிகிறது.

"கௌசலா. எங்கட கிணத்திலைதான் தண்ணி அள்ளுறவள்."

"அவா எங்கையெண்டே ஆருக்கும் தெரியாது தங்கச்சி. பொட்டு விட்டா மாடுதான் வரும். இது பாலை, அடைச்சா நாப்பது வருசத்துக்கு அடைச்சதுதான்."

"அதுதான் அண்ணை இப்பவே சொல்லுறன்."

அவர் அலுத்துப்போய்க் கயிற்றைக் கீழே போடுகிறார். "எவ்வளவு அகலம்?"

நஸீஹா இரண்டு முளைகளுக்கு நடுவே போய் நிற்கிறாள். இல்லாத குடத்தை இடுப்பில் வைத்து, கையால் அணைத்துக்கொள்கிறாள். முழங்கை முளைக்கு அப்பால் நீண்டு நிற்கிறது. தவராசா முளையைப் பிடுங்கி, ஒரு சாண் தள்ளி அடிக்கிறார்.