ஆறரை அடி வேலி

"நாலு கோழிக்கு ஆறரை அடி உயரத்துல வேலியா? ஏம்மா, கோழி என்ன ஏணி வச்சா ஏறப் போகுது?"

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார் வெல்டர். முப்பத்திரண்டு வருடம் கேட் பட்டறை நடத்தியவர். ஊரில் பாதி வீட்டு கேட்டுகள் அவர் கைபட்டவை. பட்டறையை மூடி ஒரு வருடமாகிறது.

"கோழி ஏறாதுங்க, தெருநாய் தாண்டும்" என்றாள் அவர் மனைவி.

அவள் நர்ஸ். மூன்று வாரமாக லீவு. திங்கட்கிழமை டியூட்டிக்கு வந்தே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இன்று சனிக்கிழமை. அதற்குள் வேலி முடியாவிட்டால் அவளால் வீட்டை விட்டு ஓர் அடி நகர முடியாது.

கூண்டு சுலபமாக முடிந்துவிட்டது. பழைய அலமாரிப் பலகை, மேலே தகரம், முட்டையிட இரண்டு பெட்டி, கோழிகள் ஏறி உட்கார ஒரு கழி. வேலிதான் இழுத்தடித்தது. பின்வாசல் படியில் தொடங்கி மதில் வரை, தோட்டம் முழுவதையும் வளைத்துக் கம்பி வலை.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு டீச்சரின் தலை தெரிந்தது.

"கோழி வளர்க்கறீங்களா, ஒட்டகச்சிவிங்கி வளர்க்கறீங்களா?"

"முட்டை போடற ஒட்டகச்சிவிங்கி கிடைச்சா சொல்லுங்க டீச்சர், அதையே வாங்கிடறோம்!"

டீச்சரோடு சேர்ந்து மனைவியும் சிரித்தாள். அவர் இப்படிக் கிண்டலடித்து எத்தனை நாளாயிற்று! கையில் வேலை வந்ததும் பழைய மனிதராகிவிட்டார். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஏனோ சங்கடமாகவும் இருந்தது.

"ஆமா, எத்தனை கோழின்னு சொன்னே?"

"நாலுங்க."

"நாலு கோழிக்கா இவ்வளவு..."

"வலையை இழுத்துப் பிடிங்க, தொய்யுது பாருங்க" என்று பேச்சை மாற்றினாள்.

மதியத்துக்குள் சந்துப் பக்கம் கதவும் நின்றது. தாழ்ப்பாளில்தான் சண்டை வந்தது. பழக்க தோஷம், அதை உட்பக்கமாகப் பற்றவைத்துவிட்டார்.

"வெளிப்பக்கமா வைங்க."

"எதுக்கு? இத்தனை வருஷத்துல ஒரு வீட்டுக்கும் நான் தாழ்ப்பாளை வெளியில வச்சதில்ல. வெளியில வைக்கிறது ஜெயிலுக்கு."

"கோழிக் கூண்டுக்கு வெளியிலதானே வைப்பாங்க?"

"கூண்டுக்குச் சரி. இது நாம நடமாடற இடம். வெளியில வச்சா எவன் வேணா திறந்து கோழியை அமுக்கிட்டுப் போவான். நர்ஸம்மாவுக்கு ஊசி போடத் தெரியும், கேட்டைப் பத்தி என்ன தெரியும்?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். அவளுக்கு அழுகை வந்தது. டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

பால் பொங்கும்போது வெளியே மெஷின் சத்தம் கேட்டது. இரண்டு டம்ளரோடு வந்து பார்த்தால், உட்பக்கத்துத் தாழ்ப்பாளைக் காணோம். அறுத்தெடுத்து, வெளிப்பக்கம் அடியில், தரையோடு தரையாகப் பற்றவைத்திருந்தார்.

"நீ சந்துல போய் நின்னு தாழ்ப்பாளைப் போடு" என்றார்.

டம்ளர்களைப் படியில் வைத்துவிட்டுப் போய்ப் போட்டாள். அவர் உள்ளே நின்று கதவை ஆட்டினார். குந்தி உட்கார்ந்து, வலைக் கண்ணில் விரலை விட்டு நெம்பிப் பார்த்தார். தாழ்ப்பாள் அசையவில்லை.

"இப்பத்தான் சரியா இருக்கு. ஒரு பூட்டும் போட்டு, சாவியை டீச்சர்கிட்ட குடுத்துட்டு, திங்கக்கிழமை நீ நிம்மதியா வேலைக்குப் போ."

அவள் வலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போன மாசம் நீ மூணு நாள் தேடி அலைஞ்சு என்னைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தியே, அது மட்டும் எனக்கு மறக்கலம்மா" என்றார் அவர். "கோழி பொழுது சாய்ஞ்சா தானா கூண்டுக்கு வந்துடும், வழி தெரியாமப் போறது நான்தானே?"